அடிமை வரலாறு, விடுதலை: 6 அடி அரூப ஓவியத்துக்கு அவுரியும் அக்ரிலிக்கும் எப்படிப் போடுவது?

வெண்கித்தான் (கேள்வி)

வணக்கம். ஆகஸ்ட் 1-ஐ ஒட்டிய குழுக் கண்காட்சிக்கு ஒரு அரூப ஓவியம் செய்கிறேன். பெரும்பாலான பிரிட்டிஷ் காலனிகளில் அடிமை முறை ஒழிப்பு 1834 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆனால் "பயிற்சித் தொழிலாளர்" என்ற பெயரில் அதே தோட்டத்தில் அதே முதலாளியிடம் கட்டாய உழைப்பு தொடர்ந்தது. அது முடிந்தது 1838 ஆகஸ்ட் 1 அன்றுதான். விடுதலை என்று அறிவித்த பிறகும் விடுதலை இல்லாத அந்த நான்கு வருடம்தான் என் கரு.

அளவு 6 அடி உயரம், 5 அடி அகலம். கெஸ்ஸோ (வெள்ளை அடிப்பூச்சு) பூசாத 10 அவுன்ஸ் பருத்தி கேன்வாஸ். ஓவியர் பிராங்க் பௌலிங்கின் வரைபட ஓவியங்கள் மாதிரி, மெல்லிய நிறத்துக்குள் கண்டத்தின் வடிவம் மங்கலாகத் தெரிய வேண்டும். அடித்தளத்துக்கு அக்ரிலிக் நீலம் வேண்டாம், அவுரிச் சாயம்தான் வேண்டும். கீழ்விளிம்பில் ஒரு இரும்புச் சங்கிலி தொங்கவிடலாமா என்றும் யோசனை.

தெரிய வேண்டியவை: வடிவத்தின் ஓரம் கசியாமல் நிற்க என்ன வழி? இவ்வளவு பெரிய துணிக்கு அவுரித் தொட்டி எந்த அளவில் வைக்க வேண்டும்? சங்கிலி சரியா?

கறைவண்ணம்

முதலில் பௌலிங். 1934-ல் பிரிட்டிஷ் கயானாவின் பார்ட்டிகாவில் பிறந்து, 1953-ல் லண்டன், 1966-ல் நியூயார்க் என்று போனவர். வரைபட ஓவியங்கள் பெரும்பாலும் 1967-லிருந்து 1971 வரை. "மிடில் பாஸேஜ்" (அடிமைக் கப்பல்களின் அட்லாண்டிக் பயணத்துக்கு வழங்கும் பெயர்) 1970-ல் வரைந்தது, இப்போது ஹூஸ்டனில் மெனில் சேகரிப்பில் இருக்கிறது. அந்தச் சிவப்பு, மஞ்சள், பச்சையை கயானாவின் கொடி நிறமாகவும் படிக்கலாம், வெப்பமாக மட்டும் பார்க்கவும் செய்யலாம். நிறத்துக்கு அடியில் குடும்பப் புகைப்படங்கள் சில்க் ஸ்கிரீனில் அச்சாகி அமுங்கிக் கிடக்கும். பார்ப்பவர் முதலில் நிறத்துக்குள் போகிறார், முகமும் கண்டமும் பிறகுதான் மேலே மிதந்து வருகின்றன. உங்கள் ஓவியத்துக்கு அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த வரிசை.

அவர் எபிடயாஸ்கோப்பில் வரைபடத்தைப் பெரிதாக்கிக் கோடு எடுத்தார். இன்றைக்கு ஒரு சாதாரண புரொஜெக்டர் போதும். கேன்வாஸைச் சுவரில் செங்குத்தாக, லென்ஸுக்கு நேராக மாட்டுங்கள். சாய்வாக இருந்தால் தென் அமெரிக்காவின் வால் நீண்டு பொய்யாகிவிடும். கோட்டை நேரடியாக கேன்வாஸில் பென்சிலால் போடாதீர்கள். பூச்சில்லாத துணியில் பென்சில் அழியாது, அழிக்கத் தேய்த்தால் பஞ்சு எழும்பி அந்த இடம் மட்டும் நிறத்தை அதிகம் குடிக்கும். தடித்த பாலியெஸ்டர் ஷீட்டில் கோடு எடுத்து வெட்டி ஸ்டென்சிலாக வையுங்கள்.

இனி கசிவு. வெறும் துணியில் மாஸ்கிங் டேப் சரியாக ஒட்டாது. நெசவின் மேடுகளில் மட்டும் ஒட்டும், பள்ளங்கள் வழியாக நிறம் உள்ளே ஓடிவிடும். ஸ்டென்சிலை வைத்ததும் அதன் ஓரத்தில் ஒரு அங்குல அகலத்துக்கு மேட் மீடியத்தை (பளபளப்பில்லாத, நிறமற்ற அக்ரிலிக் பிசின்) கொஞ்சமும் நீர் சேர்க்காமல் கடற்பஞ்சால் ஒற்றுங்கள். கசிவது மீடியமாக இருக்கட்டும், காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. அது அந்தப் பள்ளங்களை அடைத்த பிறகு நிறத்தை மெல்லிய தெளிப்பாக மூன்று நான்கு தடவை போடுங்கள். ஒரே தடவையில் நனைய நனையத் தெளித்தால் மீடியம் இருந்தும் பயனில்லை.

ஊற்றும் நிறத்துக்கு ட்யூப் அக்ரிலிக் 1 பங்கு, மேட் மீடியம் 1 பங்கு, தண்ணீர் 3 பங்கு. மீடியத்தை விட்டுவிட்டு வெறும் தண்ணீரில் கரைத்தால் பிசின் போதாமல் போகும், காய்ந்ததும் விரலால் தடவினால் நிறம் பொடியாக வரும். பாத்திரம் கழுவும் சோப்பைச் சொட்டுவிடுகிற வழக்கம் இருக்கிறது, வேண்டாம். நுரைக் குமிழ் உடைந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். கேன்வாஸைத் தரையில் பாலித்தீன் மேல் நேராக விரிக்கவும் கூடாது. அடியில் தேங்கிய நிறம் பின்பக்கமிருந்து ஊறி வந்து வரைபடத்தின் ஓரத்தைத் தின்றுவிடும். கம்பி வலை மேலோ, குறுக்கே இழுத்துக் கட்டிய கயிறுகள் மேலோ விரியுங்கள்.

எண்ணெய் வண்ணம் பூச்சில்லாத பருத்தி மேல் கூடவே கூடாது. எண்ணெய் காயும்போது உண்டாகும் அமிலம் இழையை நொறுங்க வைக்கும்.

இன்னொன்று. பௌலிங் தன் ஓவியத்தை "கறுப்பினக் கலை" என்ற ஒரே பெட்டிக்குள் அடைப்பதை எதிர்த்து எழுதியவர். 1969-ல் ஸ்டோனி புரூக்கில் "5+1" கண்காட்சியை அமைத்தபோது மெல்வின் எட்வர்ட்ஸ், ஜாக் விட்டன், ஆல் லவிங், வில்லியம் டி. வில்லியம்ஸ், டேனியல் லாரூ ஜான்சன் எல்லாரும் அரூபம் செய்பவர்கள்தான். போராட்டக் கலை என்றால் உருவம் வரைந்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடிக்கு நடுவில் அரூபம் செய்வதை அவர்கள் உரிமையாகவே கேட்டார்கள். உங்கள் அறிமுகக் குறிப்பில் இதை விட்டுவிடாதீர்கள்.

உளிச்சத்தம்

சங்கிலி பற்றி மட்டும். தொங்கவிடாதீங்க.

சங்கிலி தப்பான பொருள்னு சொல்லல. சிற்பி மெல்வின் எட்வர்ட்ஸ் 1963-ல் தொடங்கிய "லிஞ்ச் ஃபிராக்மென்ட்ஸ்" சிற்ப வரிசையில் சங்கிலி, பூட்டு, ஆணி, சுத்தியல் தலை எல்லாம் இருக்கு. ஆனா அவர் அதை எங்கும் அலங்காரமா மாட்டல. எல்லாத்தையும் ஒன்றோடொன்று வெல்டிங்கில் உருக்கி, ஏறக்குறைய ஒரு மனுஷத் தலை அளவுக்குக் கட்டியா அடைச்சு, சுவரில் கண் மட்டத்தில் வைக்கிறார். எது கருவி, எது ஆயுதம், எது விலங்குன்னு பிரிக்க முடியாது. அதுதான் அதோட பலம். மார்ட்டின் பியூரியர் 2014-ல் பிரவுன் பல்கலைக்கழகத்துக்குச் செய்த அடிமை முறை நினைவுச் சின்னம் இன்னும் நேரடி: பாதி மண்ணில் புதைஞ்ச பெரிய இரும்புக் குண்டு, அதிலிருந்து மேலே எழும் சங்கிலி, அறுந்த கண்ணியின் முனை மட்டும் கண்ணாடியா மெருகேற்றியது, வானம் அதில் தெரியும். இரண்டிலும் சங்கிலிதான் சிற்பமே. உங்க ஓவியத்தில் அது கீழே ஒட்டின விளக்கக் குறிப்பா நின்னுடும். வரலாற்றை ஓவியம் சொல்லலன்னு நீங்களே ஒத்துக்கிற மாதிரி ஆயிடும்.

நடைமுறைக் காரணமும் இருக்கு. ஈரக்காத்தில் இரும்பு துருவை விடும், பருத்தி அதை உறிஞ்சும். இரும்பு அயனி பருத்தி இழையின் ஆக்சிஜனேற்றத்தை விரைவுபடுத்தும். துருக்கறை பிடிச்ச இடம் சில வருஷத்தில் ஓட்டையாகும்.

சங்கிலிக்குப் பதிலா அளவை யோசிங்க. "புரூக்ஸ்" என்ற அடிமைக் கப்பலின் படம் தெரிஞ்சிருக்கும், 1788 முடிவில் அடிமை வணிக எதிர்ப்பாளர்கள் வெளியிட்டது. அதில் ஒரு ஆணுக்கு ஒதுக்கின இடம் 6 அடிக்கு 1 அடி 4 அங்குலம். பெண்ணுக்கு 5 அடி 10 அங்குலத்துக்கு 1 அடி 4 அங்குலம். சிறுமிக்கு 4 அடி 6 அங்குலத்துக்கு 1 அடி. 1788-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் போட்ட சட்டம் அந்தக் கப்பலுக்கு 454 பேரை அனுமதிச்சது. அதே கப்பல் அதற்கு முன்னால் ஒரு பயணத்தில் 609 பேரை ஏற்றியிருக்கு.

உங்க கேன்வாஸ் உயரம் ஏற்கெனவே 6 அடி. அகலத்தை 5 அடியிலிருந்து 5 அடி 4 அங்குலமாக்குங்க. 64 அங்குலம், அதாவது சரியா நான்கு ஆண்களின் இடம். எந்த உருவமும் வரைய வேண்டாம், கோடும் வேண்டாம். பார்க்க வர்றவர் முன்னால் நின்னாலே தன் தோள் அகலத்தை அந்த 16 அங்குலத்தோடு தானா ஒப்பிடுவார். கண்காட்சியில் அடிவிளிம்பு தரையிலிருந்து 2 அங்குலத்துக்கு மேல் போகாம மாட்டுங்க. வழக்கமான உயரத்தில் மாட்டினா அது படமாயிடும், உடம்பின் அளவு போயிடும்.

சட்டத்துக்கு 2 அங்குலத்துக்கு ஒன்றரை அங்குல மரம், நடுவில் குறுக்கும் நெடுக்குமா தாங்குகட்டை. இல்லேன்னா அந்த நீளத்தில் பக்கக்கட்டைகள் உள்ளே வளையும்.

அவுரித்தொட்டி

உளிச்சத்தம் சொன்ன 16 அங்குலம் எனக்குப் பெரிய உதவி, சாயத்திலேயே அதைக் கொண்டுவரலாம். கீழே வருகிறேன்.

வெட்டும் அளவு: முடிந்த அளவு 6 அடி × 5 அடி 4 அங்குலம். சட்டத்தில் மடிக்க ஒவ்வொரு பக்கமும் 4 அங்குலம் சேர்த்தால் 6 அடி 8 × 6 அடி. புதுக் கேன்வாஸ் கொதிநீரில் சுருங்கும், 8 சதவீதம் வரை எதிர்பாருங்கள். ஆகவே 7 அடி 4 × 6 அடி 7-க்குக் குறையாமல் வெட்டுங்கள். 72 அங்குல அகல உருள் போதாது. 10 அவுன்ஸ் துணி என்றால் எடை சுமார் ஒன்றரைக் கிலோ. ஓரங்களைத் தைத்துவிட்டுத்தான் நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் இழை பிரிந்து தொட்டியெல்லாம் நூலாகும்.

கடை கேன்வாஸில் நெசவுக் கஞ்சி இருக்கும். அதைக் களையாமல் சாயத்தில் போட்டால் சாயம் கஞ்சி மேல் உட்கார்ந்து, பிறகு தேய்த்தால் கையோடு வரும். 30 கிராம் சலவை சோடாவோடு துணி முழுகும் தண்ணீரில் ஒரு மணி நேரம் கொதியின் ஓரத்தில் வையுங்கள். தண்ணீர் பழுப்பாக வரும். திரும்பவும் வெந்நீரில் அலசி, ஒரு சொட்டு நீர் விட்டால் உடனே உள்ளே இழுக்கிறதா என்று பாருங்கள். சொட்டு உருண்டு நின்றால் இன்னொரு முறை கொதிக்க வேண்டும். கறைவண்ணம் சொன்ன கலவை கஞ்சியுள்ள துணிக்குச் சரி. களைந்த துணி வேகமாகக் குடிக்கும், நிறம் அகலமாகப் பரவும். ஆகவே தண்ணீரை 3 பங்கிலிருந்து 2 ஆகக் குறைத்து ஒரு துண்டில் சோதித்துவிட்டு இறங்குங்கள்.

தொட்டி: 1-2-3 முறை எளிது. எடையில் அவுரிப் பொடி 1, சுண்ணாம்பு 2, ஃப்ரக்டோஸ் 3. நடுத்தர நீலத்துக்கு லிட்டருக்கு 5 கிராம் அவுரி. 60 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்முக்கு அவுரி 300 கிராம், நீற்றிய சுண்ணாம்புப் பொடி 600 கிராம், ஃப்ரக்டோஸ் 900 கிராம். அவுரியை நேரடியாகக் கொட்டினால் மேலே மிதந்து கட்டியாகும். கொஞ்சம் வெந்நீரோடு மூடிய ஜாடியில் கூழாங்கல் போட்டுக் குலுக்கிக் குழம்பாக்குங்கள். டிரம்மில் 50 டிகிரி வெந்நீர், ஃப்ரக்டோஸ், பிறகு அவுரிக் குழம்பு, கடைசியில் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக. காற்று புகாமல் ஒரே திசையில் மெதுவாகக் கிளறி மூடி வையுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். சுண்ணாம்பு நீர் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

தயாரானதற்கு அடையாளம் மூன்று: மேலே செம்பு மினுக்குள்ள ஏடு, நடுவில் நீல நுரைப் பூ, ஏட்டை விலக்கிப் பார்த்தால் அடியில் மஞ்சள் கலந்த தேன் நிறம். அடியிலும் நீலமாக இருந்தால் அவுரி இன்னும் கரையவில்லை. ஆறிப்போயிருந்தால் சூடாக்குங்கள், சூடு இருந்தும் நீலமென்றால் 100 கிராம் ஃப்ரக்டோஸ் கூட்டுங்கள், பிஎச் தாள் 10-க்குக் கீழே காட்டினால் சுண்ணாம்பு குறைவு. எல்லாம் சரியென்றாலும் கிளறிய பிறகு ஒரு மணி நேரம் வண்டல் அடியில் உட்கார வேண்டும். வண்டலைத் தொட்ட துணியில் வெள்ளைத் திட்டு விழும். டிரம்முக்குள் கூடை மாதிரி ஒரு வலையைத் தொங்கவிட்டால் துணி அடிக்குப் போகாது.

இப்போது 16 அங்குலம். களைந்து சுருங்கிய ஈரத் துணியில் இரு பக்க மடிப்பு ஓரத்தை விட்டுவிட்டு, நடு 64 அங்குலத்தை நான்காகப் பிரித்து நீளவாக்கில் விசிறி மடிப்பாக மடியுங்கள். விரித்தால் மடிப்பு விழுந்த இடங்களில் சாயம் குறைவாக ஏறி, 16 அங்குலத்துக்கு ஒரு மங்கிய வெளிர்கோடு மேலிருந்து கீழ்வரை நிற்கும். பலகை இடுக்கு மாதிரி. சுருங்கிய பிறகுதான் மடிக்க வேண்டும், முன்பே மடித்தால் கணக்கு 15 அங்குலம் ஆகிவிடும். மடிப்பை இறுக்கிக் கட்டாதீர்கள். கட்டினால் பட்டையாக வெள்ளை விழுந்து லுங்கிக் கரை மாதிரி ஆகும். இரண்டு துணிக்கிளிப் போதும்.

ஒரு முக்கு மூன்று நிமிடம். வெளியே எடுக்கும்போது பச்சை, காற்று பட்டதும் கண் முன்னால் நீலமாகும். மடிப்புக்குள்ளும் காற்று போகப் பிரித்துப் பிடித்துப் பதினைந்து நிமிடம் விட்டு, அதே கோட்டில் மடித்து அடுத்த முக்கு. ஆறு முக்கு போதும். அவசரத்தில் ஒரே முக்கில் அரை மணி ஊற வைப்பவர்களுக்குக் கருநீலம் கிடைக்கும், ஆனால் அது மேற்பரப்பில் மட்டும் ஏறிய நீலம், வெள்ளைச் சட்டையில் உரசினால் ஒட்டும். முடிந்ததும் ஒரு நாள் காயவிட்டு, அலசி, லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி வினிகர் கலந்த நீரில் முக்கிச் சுண்ணாம்பைப் போக்கி, மறுபடி நன்றாக அலசுங்கள்.

உங்கள் நான்கு வருடத்துக்கு ஒரு யோசனை: துணியின் மேல்பகுதியை மட்டும் இரண்டே முக்கோடு நிறுத்துங்கள். அடியில் ஆறு. இடையில் கூர்மையான கோடு விழாமல் இருக்க, ஒவ்வொரு முக்கிலும் நான்கு அங்குலம் கீழே இறக்கிக்கொண்டே வாருங்கள்.

வெண்கித்தான்

எல்லாருக்கும் நன்றி. சங்கிலியை விட்டுவிட்டேன், அகலம் 64 அங்குலம். மீதி இரண்டு சந்தேகம். ஃப்ரக்டோஸ் 900 கிராம் விலை அதிகம், பனைவெல்லம் போட்டால் ஆகாதா? பிறகு, இந்த வரலாற்றுக்கு அவுரி பொருத்தம்தானா, அல்லது நம் ஊர்ப் பொருள் என்ற ஆசையில் நானே இழுத்து வைக்கிறேனா? அது உண்மையாக இல்லையென்றால் மாற்றிவிடுகிறேன்.

அவுரித்தொட்டி

வெல்லத்தில் பெரும்பங்கு சுக்ரோஸ். அது ஒடுக்கும் சர்க்கரை (அவுரியைக் கரையும் வடிவத்துக்கு மாற்றுவது) இல்லை, அதனால் தானாக அவுரியைக் கரைக்காது. புளித்து உடைந்த பிறகுதான் வேலை செய்யும். நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும், நாற்றமும் உண்டு. குளுக்கோஸ் பொடி மலிவு, மெதுவாக நடக்கும், ஆனால் நடக்கும். நம் பக்கத்துப் பழைய முறை வேண்டுமென்றால் தகரை விதையை வேகவைத்துச் சுண்ணாம்போடு சேர்த்துப் புளிக்க வைப்பது. அழகான நீலம் வரும். ஆனால் கண்காட்சித் தேதி வைத்துக்கொண்டு முதல் முறையாக அதில் இறங்குவது நல்லதல்ல.

தறிநாடா

இரண்டாவது கேள்விக்கு: பொருத்தம்தான், நீங்கள் நினைப்பதை விட அதிகமாகவே.

தென் கரோலினாவில் 1740-களிலிருந்து அவுரி பெரிய ஏற்றுமதிப் பயிர். விதைப்பு முதல் தொட்டியில் நின்று அடித்து நீலத்தை வீழ்படியச் செய்வது வரை எல்லாம் அடிமைப்பட்ட ஆப்பிரிக்கர்களின் கை. உங்கள் கேன்வாஸின் பருத்திக்கும் அமெரிக்கத் தெற்கில் அதே கதை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நம் பக்கத் தொடர்பு துணியில் இருக்கிறது. சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிகள் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை வாங்கக் கொடுத்த சரக்குகளில் முக்கியமானவை. புதுச்சேரியின் அவுரி நீலத் துணி "கினே" என்ற பெயரில் செனகலுக்குப் போனது. கட்டம் போட்ட மதராஸ் கைக்குட்டைத் துணி கரீபியனுக்கும் போய், இன்றைக்கும் மார்த்தினிக், குவாதலூப், செயின்ட் லூசியா பெண்களின் விழாக்காலத் தலைக்கட்டாக இருக்கிறது. அதன் பெயரே அங்கே "மதராஸ்"தான். 1838-க்குப் பிறகு தோட்டங்களில் விடுதலை பெற்றவர்களின் இடத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களில் மதராஸ் துறைமுகத்திலிருந்து கயானாவுக்குக் கப்பலேறியவர்களும் உண்டு. "விற்ற துணி, விலையான மனிதர், பிறகு போன கூலி" என்ற மூன்றும் ஒரே கடற்கரையில் சந்திக்கின்றன. ஆனால் ஒப்பந்தக் கூலியையும் அடிமை முறையையும் ஒன்றென்று குறிப்பில் எழுதிவிடாதீர்கள். கொடுமை இரண்டிலும் உண்டு; விற்கப்பட்ட மனிதரின் பிள்ளையும் பிறக்கும்போதே உடைமை என்பது ஒன்றில்தான்.

வடிவத்துக்கு ஒரு வழி இருக்கிறது. நைஜர் கழிமுகத்தின் கலபாரி மக்கள் மதராஸ் கட்டத்துணியை வாங்கி, ஊசி முனையால் ஓர் இழையைத் தூக்கி, சிறு கத்தியால் வெட்டி, உருவி எடுத்துவிடுவார்கள். பெரும்பாலும் வெளிர் இழைகள் போகும். மீதியில் புதுக் கட்டம் பிறக்கும், துணி வலை மாதிரி ஒளி விடும். "பெலெட்டே பிட்டே" என்பது அதன் பெயர். வந்த துணியை அப்படியே கட்டாமல் தங்களுடையதாக்கிக் கட்டுகிறார்கள். எதையும் சேர்க்காமல், எடுத்தே செய்யும் வடிவம். உங்கள் கண்டத்தின் ஓரத்தை ஸ்டென்சிலுக்குப் பதில் இப்படி இழை உருவியும் காட்டலாம். 10 அவுன்ஸ் கேன்வாஸில் ஒரு தடவைக்கு இரண்டு அங்குலத்துக்கு மேல் உருவ வராது, நெசவு இறுக்கம். நடுவில் வெட்டி இரு பக்கமும் இழுங்கள். பாவு, ஊடை இரண்டையும் ஒரே இடத்தில் எடுத்தால் ஓட்டை. ஊடையை மட்டும் எடுங்கள். சட்டத்தில் இழுத்து அடித்த பிறகு செய்யாதீர்கள், இழுவிசையில் இடைவெளி கிழிசலாகும். சாயத்துக்கு முன்பும் வேண்டாம், கொதிக்கும்போது இழை நகரும். சாயம் முடிந்து, இஸ்திரி போட்டு, மேசையில் விரித்துச் செய்யுங்கள். பின்பக்கத்தில் மெல்லிய மஸ்லின் ஒட்டாமல் தைத்துத் தாங்குங்கள்.

தைப்பதைப் பற்றிச் சொன்னால் அமெரிக்காவில் அலபாமாவின் ஜீஸ் பெண்ட் பெண்களை விட முடியாது. அலபாமா ஆற்றின் வளைவில் அடிமைத் தோட்டமாக இருந்த ஊர், பெட்வே என்ற தோட்ட முதலாளியின் பெயர்தான் இன்றும் பலருக்குக் குடும்பப்பெயர். மிசூரி பெட்வே 1942-ல் இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளைப் பிரித்து ஒரு மெத்தைவிரிப்புத் தைத்தார். வெளிறிய நிறங்களில் கட்டங்களும் பட்டைகளும், அவ்வளவுதான். அருகில் போனால் முழங்கால் தேய்ந்த இடம் வெளுத்துத் தெரியும். ஓவியர் திட்டமிட்டு வரவைக்கும் நிற ஏற்றத்தாழ்வு அங்கே ஓர் உடம்பு வருடக்கணக்கில் வேலை செய்ததால் வந்தது. தப்பிச் செல்லும் அடிமைகளுக்கு இப்படிப்பட்ட விரிப்புகள் ரகசியக் குறியீடாக இருந்தன என்று இணையத்தில் சுற்றும் கதைக்கு வலுவான ஆதாரமில்லை, குறிப்பில் சேர்க்காதீர்கள்.

கறைவண்ணம்

இழை உருவினால் அந்த ஓரத்தில் மேட் மீடியம் போடாதீர்கள், தொங்கும் நூலெல்லாம் ஒட்டிக் கம்பியாகிவிடும். ஸ்டென்சில் ஒரு கண்டத்துக்கு, உருவல் இன்னொன்றுக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்காவை உருவி, தென் அமெரிக்காவைத் தெளித்தால் போதும். நீலத்தின் மேல் மஞ்சள் தெளிப்பு பச்சையாகத்தான் தெரியும், மஞ்சளாகவே வேண்டுமானால் அடியில் மெல்லிய வெள்ளை ஒரு தடவை.

கூடத்தில் அவுரிக்கு நேர் வெயில் ஆகாது, ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் கேளுங்கள். வெட்டி மிஞ்சும் துணியில் ஒரு சாண் துண்டைக் கறுப்புக் காகிதத்தில் சுற்றி வையுங்கள். கண்காட்சி முடிந்ததும் ஓவியத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எவ்வளவு வெளுத்தது என்று தெரிந்துவிடும்.